அந்தக் காட்சி வருவதற்குள்

மேலூர் தாண்டியதும் கண்டக்டர் டிவியைப் போட்டார். முதலில் வெறும் நீலம், அப்புறம் ஒரு நகைக்கடை விளம்பரம், அதற்கப்புறம் ஏற்கெனவே பாதி ஓட்டி நிறுத்தியிருந்த ஒரு படம், வயலுக்கு நடுவே புழுதியைக் கிளப்பிக்கொண்டு வருகிற ஒரு வேன். வேனின் நெற்றியில் இன்னிசைக் குழு என்று வளைத்து எழுதியிருந்ததைப் பார்த்ததும் மாசிலாமணிக்குப் படம் எதுவென்று தெரிந்துவிட்டது. இந்தப் படமா. நாட்டில் படத்துக்கா பஞ்சம், வெட்டுக்குத்துப் படம் இருக்கிறது, பேய்ப் படம் இருக்கிறது, அண்ணன் தங்கச்சிப் படம் இருக்கிறது, காரைக்குடி போகிற பஸ்ஸில் பட்டப்பகலில் போட இந்த மனுஷனுக்கு இதுதானா அகப்பட்டது. தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் ஓட்டிச் சன்னலோரம் பார்த்தான். திலகா முந்தானையைத் தோளைச் சுற்றி இழுத்துவிட்டுக்கொண்டு, சன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தாள். தூங்குகிறாள். தூங்கட்டும் தாயே, காரைக்குடி வரைக்கும் தூங்கட்டும். வெண்முகில் இன்னிசைக் குழுவில் அவள் பாடுகிறவள், அவன் ரிதம் பேடில் தாளம் தட்டுகிறவன், தேவகோட்டைப் பக்கம் ஒரு கோயில் திருவிழாவில் இன்றைக்குக் கச்சேரி. வேனில் டான்ஸ் ஆடுகிறவர்கள் ஏறிக்கொண்டதால் நீங்க ரெண்டு பேரும் பஸ்ல வந்துருங்க என்று ஓனர் சொல்லிவிட்டார். அந்த வேனிலேயே ஸ்பீக்கர் பெட்டிமேல் உட்கார்ந்தாவது போயிருக்கலாம். இந்தப் படத்தின் பின்பாதியில் ஒரு காட்சி வரும். குழுவின் பாடகி மேடையில் நின்று பாடிக்கொண்டிருக்கும்போதே அடக்க முடியாமல் கட்டியிருக்கிற புடவையிலேயே சிறுநீர் விட்டுவிடுவாள், கீழே ஊரே கைகொட்டிச் சிரிக்கும். அது திலகாவுக்கு நடந்தது. அன்றைக்கு ஊர் சிரிக்கவில்லை, ஊருக்குத் தெரியாது. தெரிந்தது மாசிலாமணி ஒருவனுக்குத்தான். அந்த ஒருவன்தான் படக்காரனிடம் போய்ச் சொன்னான். திலகா இந்தப் படத்தைப் பார்க்கவில்லை, தியேட்டருக்குப் போயே வருஷக்கணக்காச்சு என்று வேனில் ஒருநாள் அவளே சொன்னாள், அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அவன் இத்தனை மாதமாக அவள் முகத்தைப் பார்த்துப் பேசி வருகிறான்.

பாட்டுக்காரர்களைப் பற்றி யார் படம் எடுத்தாலும் மாசிலாமணி முதல் நாளே போய் உட்கார்ந்துவிடுவான். உட்கார்ந்து திட்டிக்கொண்டே பார்ப்பான். கதாநாயகன் மலையுச்சியில் நின்று எலக்ட்ரிக் கிடார் வாசிப்பான், கிடாரிலிருந்து ஒரு ஒயர் எங்கேயும் போகாது. டிரம்ஸ் அடிக்கிறவனுக்குச் சத்தம் ஒரு பக்கம் வரும், கை ஒரு பக்கம் போகும். பேடு வாசிக்கிறவனைப் படத்தில் காட்டவே மாட்டார்கள், காட்டினால் அவன் காமெடியனுக்குப் பக்கத்தில் நின்று அடி வாங்குவான். இருந்தாலும் பார்ப்பான், ஏனென்றால் திரையில் வேன் கிளம்பும், கதவோரத்தில் ஒருவன் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பான், அந்த ஒரு நிமிஷத்துக்குத் தன் பிழைப்பும் ஒரு கதைதான் என்று தோன்றும். மகள் ஒருநாள் செல்போனில் ஒரு வெளிநாட்டுத் தொடர் காட்டினாள். அதில் ஒரு குழு ஊர் ஊராகப் பஸ்ஸில் போகிறது, பஸ்ஸா அது, வீடு. உள்ளேயே படுக்கை, உள்ளேயே அடுப்பு, உள்ளேயே கக்கூஸ். ஓட்டல் அறையில் சண்டை வந்து டிவியைத் தூக்கி மாடியிலிருந்து கீழே போட்டார்கள், மகள் அதைப் பார்த்து வாயைப் பிளந்தாள், அவனுக்கு டிவி உடைந்தது மனதில் நிற்கவில்லை, பஸ்ஸுக்குள் இருந்த அந்தக் குட்டிக் கதவுதான் நின்றது. அடுத்த கச்சேரியில் திலகாவிடம் சொன்னான். அவள் பொட்டு வைத்துக்கொண்டே, "அப்ப அந்தப் பொம்பளைங்க தண்ணி குடிப்பாங்கல்லண்ணே" என்று கேட்டாள். கேட்டுவிட்டு மைக்கைத் துடைக்கப் போய்விட்டாள். இதையெல்லாம் அவன் இந்தப் படத்துக்குக் கதை கேட்டு வந்த உதவி இயக்குநரிடம் சொல்லியிருக்கலாம். நிரஞ்சன் என்று பெயர், ஒல்லியாக, காதில் கடுக்கன் போட்டுக்கொண்டு வந்தான், இசைக்குழுக்காரர்கள் வாழ்க்கையை அப்படியே எடுக்கப்போகிறோம் என்றான், ஏசி ரூமில் உட்காரவைத்து மட்டன் பிரியாணி சொன்னான். அதெல்லாம்கூட ஒன்றுமில்லை. சார் என்றான். சொல்லுங்க சார், அப்புறம் என்னாச்சு சார். ஆர்கெஸ்ட்ராவில் பேடு வாசிக்கிறவனை எவன் சார் என்று கூப்பிட்டான். ஏ பேடு, கொஞ்சம் ஏத்தி அடி. யோவ் பேடு, அந்த ஸ்டாண்டை நகத்து. சார் என்றதும் மனுஷனுக்கு நாக்கு நீண்டுவிட்டது. விழாக் கமிட்டிக்காரர் போதையில் மைக்கைப் பிடுங்கிப் பாடியது, வேன் ஆற்றுமணலில் சிக்கியது, ஒரே பாட்டை ரெண்டு தெருக்காரர்களும் தங்களுக்காகக் கேட்டு அடித்துக்கொண்டது என்று அவிழ்த்துவிட்டான். ஒவ்வொன்றுக்கும் நிரஞ்சன் சிரித்தான். பிறகு கொஞ்சம் குறைவாகச் சிரித்தான். பிறகு செல்போனைப் பார்த்தான். அந்தச் செல்போனைப் பார்த்த பார்வைதான். கூட்டம் கலைகிறது என்று தெரிந்தால் பேடுக்காரன் கை தானாக வேகமான தாளத்துக்குப் போகும், அதே கைதான் உள்ளே போய் அதை எடுத்துக்கொண்டு வந்தது. "பேரு வேணாம் தம்பி, ஒரு பாட்டுக்காரப் பொண்ணு" என்று ஆரம்பித்தான். நிரஞ்சன் செல்போனைக் கவிழ்த்துவைத்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான், கண்ணில் தண்ணீர் வந்தது, மாசிலாமணியும் சேர்ந்து சிரித்தான். அதற்கப்புறம் ஒரு தண்ணீர்க் கேன் கதை இருக்கிறது, அதையும் சொல்ல வாயெடுத்தான். சொன்னால் சிரிப்பு நின்றுவிடும் என்று தெரிந்தது. எந்த இடத்தில் நிறுத்தினால் கைதட்டல் விழும் என்று அவனுக்கா தெரியாது. நிறுத்திவிட்டான்.

மாசிலாமணி எழுந்து பஸ்ஸின் முன்பக்கம் போனான். கண்டக்டர் டிக்கெட் பையை மடியில் வைத்துக்கொண்டு டிரைவரோடு ஏதோ வாயடித்துக்கொண்டிருந்தார். "அண்ணே, படத்த மாத்துங்களேன். வேற ஏதாச்சும் பாட்டுப் போடுங்க." கண்டக்டர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "ஏன் சார், நல்ல காமெடிப் படம். போன டிரிப்புல ஒரே சிரிப்பு." இவரும் சார் என்கிறார். "சத்தத்தையாச்சும் கொறைங்கண்ணே, தலவலி." "கொறச்சா பின்னாடி கேக்கலன்னு சண்டைக்கு வருவாங்க சார். போயி உக்காருங்க, திருப்பத்தூர்ல பத்து நிமிசம் நிக்கும், ஒரு டீயப் போடுங்க, சரியாப் போயிரும்." திரும்பி வந்தான். வரும்போது ரெண்டு பக்கமும் முகங்கள் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தன, எல்லாரும் வாயை லேசாகத் திறந்து வைத்துக்கொண்டு, சிரிக்கத் தயாராக. திலகா அசையவில்லை. முன்சீட்டின் வலைப்பையில் அவளுடைய தண்ணீர் பாட்டில் மூடி திறக்காமல் இருந்தது. வெயில் அதன்மேல் விழுந்து அவள் கையில் ஆடியது. கச்சேரி நாளில் சாப்பாட்டுக்கு மேல் அவள் தண்ணீர் குடிக்க மாட்டாள். அவள் மட்டுமில்லை, எந்தக் குழுவிலும் பாடுகிற பெண்கள் குடிப்பதில்லை. மேடைக்குப் பின்னால் நாலு பக்கமும் டியூப் லைட், நாலு பக்கமும் ஆம்பளைகள், எங்கே போவது. நல்ல ஊராக இருந்தால் ஒரு வீட்டில் கதவு திறந்துவிடுவார்கள், இல்லையென்றால் வேனுக்குப் பின்னால் டான்ஸ் ஆடுகிற பிள்ளைகள் புடவையை விரித்துப் பிடிப்பார்கள், அதுவும் கரண்ட் போனால்தான். தொண்டை காய்ந்தால் ஒரு வாய் கொப்பளித்துத் துப்புவாள், அவ்வளவுதான். அந்தக் காய்ந்த தொண்டையில்தான் தேன் மாதிரி பாடுகிறாள் என்று ஊர் சொல்லும். அது நடந்த அன்றைக்கு அவளுக்குக் காய்ச்சல். மாத்திரை போட ரெண்டு டம்ளர் குடித்துவிட்டாள். கடைசியில் அம்மன் பாட்டு. அம்மன் பாட்டுக்குச் சாமி வந்து ஆடினால் ஆடுகிறவர் அடங்கும்வரை தாளத்தை நிறுத்தக் கூடாது, நடுவில் நிறுத்தினால் ஊரில் அடி விழும், இது குழுக்காரன் ஒவ்வொருவனுக்கும் முதலில் சொல்லிக்கொடுக்கிற சட்டம். அன்றைக்கு நாலைந்து பேருக்குச் சாமி வந்தது. பாட்டு முடிகிற இடத்துக்கு வரும், திரும்ப முதலடிக்கு ஓடும். திலகா ஒரு தடவை பின்பக்கம் திரும்பி, உள்ளங்கையைக் கீழ்நோக்கி அமுக்கிக் காட்டினாள். இறக்குங்க. அவன் பார்த்தான். அப்போது சாமி இறங்கிவிட்டிருந்தது, கடைசி ஆளுக்கும் திருநீறு பூசி உட்காரவைத்தாகிவிட்டது. அதையும் பார்த்தான். ஆனால் கூட்டம் முழுக்க அவன் விரலில் நின்றது, அவன் தட்டினால் ஆயிரம் தலை ஆடியது, மேடையோரத்தில் விழாத் தலைவர் அவனைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். இன்னும் ஒரு சுற்று என்று நினைத்தான். அது முடிந்ததும் இன்னும் ஒன்று. அவள் ரெண்டாந்தரம் திரும்பவில்லை. பாட்டில் ஒரு இடத்தில் குரல் மட்டும் ஒரு இழை ஆடியது, அப்புறம்தான் பச்சைப் புடவை இடுப்புக்குக் கீழே கறுத்துக்கொண்டு வருவதைப் பார்த்தான். பாட்டை விடவில்லை அவள். அப்போது கால் தானாக நீண்டு பேடு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருந்த பெரிய தண்ணீர்க் கேனை உதைத்தது. கேன் கவிழ்ந்து மேடை முழுக்க வெள்ளம். மைக்செட்காரர் ஒயரைத் தூக்கிக்கொண்டு கத்தினார், ஓனர் மைக்கிலேயே குருட்டுப்பயலே என்றார், எல்லார் காலும் நனைந்தது, எல்லார் துணியும் நனைந்தது. திலகா அவனைப் பார்த்தாள். ஒரே ஒரு தடவை.

அதைப்பற்றி அவள் பேசியதே இல்லை. ஆனால் அதற்கப்புறம் அவள் கூப்பிடுகிற அண்ணே வேறு அண்ணே. தீபாவளிக்கு அதிரசம் வந்துவிடும், அவன் மகள் பரீட்சைக்குத் திருநீறு மடித்துக் கொடுப்பாள். அதிரசத்தைத் தின்னும்போதெல்லாம் கேனை நினைத்துக்கொள்வான், கேனை உதைத்த காலை நினைத்துக்கொள்வான், தாளத்தை நிறுத்தாத கையை நினைக்க மாட்டான். இந்தப் படம் வந்த பிறகு அந்த வசதியும் போயிற்று. வெளியான அன்று போய் உட்கார்ந்திருந்தவன், கடைசியில் நன்றி என்று போடுகிற பெயர்களில் தன் பெயரைத் தேடினான், அதுதான் இன்றைக்கு நினைத்தால் உடம்பு கூசுகிறது, அந்தக் காட்சியைப் பார்த்துவிட்டு வேர்த்து விறுவிறுத்துப் போயிருந்தும் பெயரைத் தேடினான். இல்லை. நிரஞ்சன் மேல் கோபம்கூட வந்தது. பொங்கலுக்கு டிவியில் போட்டார்கள். எப்போது போடப்போகிறார்கள் என்று தெரிந்துவைத்துக்கொண்டு, சரியாகப் பின்பாதியில் திலகாவுக்குப் போன் செய்தான். வரப்போகிற கச்சேரி, புதுக் கீபோர்டு, அவள் வீட்டுக்காரருடைய முட்டிவலி, கரும்பு நன்றாக இருந்ததா என்று வாய்க்கு வந்ததையெல்லாம் பேசினான். அவள் ம் ம் என்றாள். என்னண்ணே திடீர்னு என்றுகூடக் கேட்டாள். வைக்கும்போது காது சுட்டது, ஒரு உயிரைக் காப்பாற்றியவன் மாதிரி அன்றைக்கு இன்னொரு தட்டுப் பொங்கல் வாங்கிச் சாப்பிட்டான். இப்போது யாருக்குப் போன் செய்வது. டிவியில் இடைவேளை என்று எழுத்து வந்து போயிற்று. வேன், ஊர், வாழைமரம் கட்டிய மேடை. வருகிறது. குண்டாக ஒரு நகைச்சுவை நடிகை, பச்சைப் புடவை. பச்சை என்றும் இவன்தான் சொன்னான். அவள் காலை மாற்றிமாற்றி நிற்கிறாள், பின்னணியில் யாரோ விசில் மாதிரி ஒரு இசையை விட்டிருக்கிறார்கள், பஸ் சிரிக்க ஆரம்பித்தது. பின்சீட்டில் ஒருவர் தொடையில் தட்டிச் சிரித்தார். முன்னால் ஒரு அம்மாள் வாயை மூடிக்கொண்டு குலுங்கினாள், அவளுக்கு அந்த அவஸ்தை தெரியாமலா இருக்கும், தெரிந்துதான் அப்படிச் சிரிக்கிறாள். மாசிலாமணி திலகாவின் இமையைப் பார்த்தான். அசைந்ததா. பஸ் குலுங்கியதில் அசைந்திருக்கும். எழாதே. சத்தத்துக்கு எழுந்துவிடாதே. நடுவில் எழுந்து நின்று மறைக்கலாமா, அதற்கு எத்தனை பேரை மறைப்பது. படத்தில் பேடு வாசிக்கிறவன் அவளைக் கை நீட்டிக் காட்டிச் சிரித்துச் சிரித்து ஸ்டூலிலிருந்து கீழே விழுந்தான். அந்தப் பக்கத்துச் சீட்டுக்காரர் மாசிலாமணியின் தோளில் தட்டி, "செம காமெடி சார்" என்றார். ஆமா சார் என்று மாசிலாமணியும் சிரித்தான். பழக்கம். எதிரே ஒருவர் சிரித்தால் கூடவே சிரித்துவிடுகிற முகம் அது. சிரித்து முடித்தபோது தன் பல் வெளியே தெரிவது உறைத்தது. வாயை மூடிக்கொண்டான். காட்சி போய்விட்டது, கதாநாயகனும் கதாநாயகியும் ஏதோ ஒரு குளத்தங்கரையில் பாட ஆரம்பித்தார்கள், கிடாரிலிருந்து ஒயர் எங்கேயும் போகவில்லை. அவளுக்குத் தெரியவில்லை. தப்பித்தாயிற்று. நெஞ்சு இறங்கியது, இறங்கிய இடத்தில் இன்னும் கேவலமாக இருந்தது.

திருப்பத்தூர் வரப்போகிறது என்று யாரோ பையைத் தூக்கினார்கள். அப்போது திலகா கண்ணைத் திறக்காமலே, "அது முடிஞ்சிருச்சாண்ணே" என்று கேட்டாள். அவன் அவள் பக்கம் திரும்பினான். "எதும்மா." "அந்தப் பொம்பள ஸ்டேஜ்ல நிக்கிறது." வெளியே ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று, அது போகிற வரைக்கும் அவகாசம் கிடைத்தது. "முடிஞ்சிருச்சு" என்றான். அவள் கண்ணைத் திறந்து நிமிர்ந்து உட்கார்ந்து புடவையைச் சரிசெய்துகொண்டாள். "வந்த வாரமே பாத்துட்டேண்ணே. எங்க வீட்டுக்காரரு கூட்டிட்டுப் போனாரு, ஒங்க ஆளுக படம்டின்னு. பக்கத்துல ஒக்காந்து விழுந்து விழுந்து சிரிச்சாரு. அவருக்குத் தெரியாதுல்ல." அவள் வெளியே பார்த்துக்கொண்டு பேசினாள். அப்படியானால் வேனில் சொன்னது பொய். தெரிந்துகொண்டேதான் அதிரசம் கொடுத்தாளா, தெரிந்துகொண்டேதான் இன்று பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்தாளா. சொல்லப்போகிறாள். சொல்லட்டும், செருப்பைக் கழற்றி அடித்தாலும் அடிக்கட்டும், பஸ்ஸே பார்க்கட்டும். "ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்ணே. ரொம்ப நாளா நெஞ்சுக்குள்ள கெடக்கு" என்றாள். "அதப் பாத்ததும் ஒங்க மேலதான் சந்தேகம் வந்துச்சு. வேற யாருக்குத் தெரியும், சொல்லுங்க. ராத்திரி பூரா அழுதேன். அந்தாளு மூஞ்சியிலயே இனி முழிக்கக் கூடாது, குழுவ விட்டே போயிரணும்னு நெனச்சேன். அந்தாளுன்னுதாண்ணே நெனச்சேன் ஒங்கள." அவள் முந்தானை நுனியை விரலில் சுற்றினாள். "அப்புறம் பொங்கலுக்கு நீங்க போன் பண்ணீங்கல்ல. நீங்க பேசுறீங்க, நான் டிவி சத்தத்தக் கொறச்சுட்டு அதயே பாத்துட்டு இருக்கேன். சத்தம் இல்லாமப் பாக்கும்போதுதான் ஒறைக்குது, இதுல கேனே இல்லையேன்னு. அந்தப் பேடுக்காரன் சிரிக்கிறான், கேனத் தட்டிவிடல. நீங்க சொல்லியிருந்தா அதச் சொல்லாமயா இருப்பீங்க. எவனோ ஓரமா நின்னு பாத்த பய சொல்லியிருக்கான். என் மானத்தக் காப்பாத்துன மனுசன், அவருபாட்டுக்கு என் வீட்டுக்காரரு முட்டிவலிய விசாரிச்சுக்கிட்டு இருக்காரு, நான் இந்தப் பக்கம் அவரப்போயி என்னென்னமோ நெனச்சு வச்சிருக்கேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "மன்னிச்சிருங்கண்ணே."

நான்தான். ஒரே சொல். நாக்கு அதைத் தூக்கிக்கொண்டு பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது. நான்தான் சொன்னேன், கேனை மட்டும் சொல்லாமல் விட்டேன், சிரிப்பு நின்றுவிடும் என்று விட்டேன், அதற்கு முன்னால் உன் கையைப் பார்த்தேன், பார்த்தும் தாளத்தை நிறுத்தவில்லை. ஒன்றைச் சொன்னால் அத்தனையும் சொல்லவேண்டும். எந்த நொடியில் நுழையவேண்டும் என்று தெரிந்தவன் அவன், பாடகர் தவறவிட்டாலும் அவன் தவறவிட்டதில்லை. பஸ் நின்றது. கொய்யாப்பழம் விற்கிறவள் கூடையைச் சன்னலுக்கு நேராகத் தூக்கிக் காட்டினாள், கண்டக்டர் பத்து நிமிசம் என்று கத்தினார், டிவியில் பாட்டு பாதியில் உறைந்து நின்றது. திலகா இன்னும் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், கண் சிவந்து, பதிலுக்காக, தப்புச் செய்துவிட்ட குழந்தை மாதிரி. "பரவாயில்லம்மா" என்றான் மாசிலாமணி. குரல் நன்றாகத்தான் வந்தது. "அதெல்லாம் மனசுல வச்சுக்காத." அவள் முகம் தெளிந்தது. பெரிதாக ஒரு மூச்சு விட்டு, வலைப்பையிலிருந்து பாட்டிலை எடுத்து மூடியைத் திருகி, ஒரு வாய் கொப்பளித்துச் சன்னலுக்கு வெளியே துப்பினாள். பிறகு பாட்டிலை அவனிடம் நீட்டினாள். "நீங்க குடிங்கண்ணே, ஒங்களுக்கென்ன." அவன் வாங்கிக் குடித்தான்.